இறகுப் பந்தாட்டம்: எதை முதலில் பயில்வது?

விளையாட்டு வெறும் பொழுதுபோக்கன்று. உடலையும் உள்ளத்தையும் ஒருங்கே பண்படுத்தும் பயிற்சி என்பதை யாவரும் அறிவர். ஆயினும் ஆடுவது வேறு, பயில்வது வேறு. நம் கல்லூரியில் இறகுப் பந்து ஆடுவோர் பலர், பயில்வோர் சிலரே. வகுப்பு முடிந்தபின், ஊருக்குச் செல்லும் பேருந்து வரும்வரை கிடைக்கும் ஒரு மணி நேரந்தான் நம்மில் பலருக்குள்ள முதல். அச்சிறு முதலை எதில் இடுவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கம்பளிப் பந்தைக் கொண்டு ஐவர் அணியாக ஆடும் பூப்பந்தாட்டம் வேறு. இங்கு நாம் பேசுவது, 16 இறகுகள் பதித்த, ஏறத்தாழ 5 கிராம் எடையுள்ள 'ஷட்டில்' கொண்டு ஆடும் ஆட்டத்தையே.

முதலிடம் கால்களுக்கு

கையால் ஆடும் ஆட்டத்தில் காலுக்கு முதலிடமா என நீங்கள் வியக்கலாம். ஒற்றையர் ஆட்டத்தில் ஒருவர் காக்க வேண்டிய பரப்பு 6.70 மீட்டர் நீளமும் 5.18 மீட்டர் அகலமும் உடையது. அதன் நடுவிலிருந்து ஒவ்வொரு மூலையும் நான்கு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் உள்ளது. கையையும் மட்டையையும் எவ்வளவு நீட்டினாலும் அத்தொலைவு எட்டாது. கால்களே நம்மை அங்கே கொண்டு சேர்க்க வேண்டும். பந்துக்குப் பிந்திச் சென்றவனுக்கு எந்த நல்ல அடியும் கைகூடாது. ஆகவே, பந்தே இல்லாமல், நடுவிலிருந்து மூலைக்குச் செல்வதும் மீண்டும் நடுவுக்குத் திரும்புவதுமாகிய பயிற்சியை நாள்தோறும் செய்தல் வேண்டும். இதற்குச் செலவு ஏதுமில்லை. ஆடுகளம் காலியில்லாத நாளில் விடுதி முற்றத்திலும் செய்யலாம்.

இரண்டாவது பிடியும் சர்வீசும்

மட்டையை நண்பனிடம் கைகுலுக்குவதுபோல் பிடிக்க வேண்டும். பந்தை அடிக்கும் கணத்தில் மட்டும் விரல்கள் இறுகினால் போதும். எப்போதும் இறுக்கிப் பிடிப்பவருக்கு மணிக்கட்டு சுழலாது. தோள் விரைவில் களைத்துவிடும்.

எதிராளியின் குறுக்கீடு சிறிதும் இன்றி நாம் அடிக்கும் ஒரே அடி சர்வீஸ்தான். அதனைத் தனியாகவே பழகலாம். 2006-ஆம் ஆண்டில் வந்த விதிமாற்றத்துக்கு முன்பு, சர்வீஸ் செய்பவருக்கு மட்டுமே புள்ளி கிடைத்தது. அம்மாற்றத்துக்குப் பின், யார் சர்வீஸ் செய்தாலும் ஒருவர் செய்யும் பிழை மற்றவருக்குப் புள்ளியாகிறது. வலையில் மோதும் ஒவ்வொரு சர்வீசும் நாமே எடுத்துக் கொடுக்கும் கொடை என்பதை மறத்தல் கூடாது.

மூன்றாவது ஆழம்

பந்தை உயர்த்தி எதிராளியின் கடைக்கோடு வரை அனுப்பும் அடியை அடுத்துப் பயில வேண்டும். இறகுப் பந்து காற்றின் தடையால் மிக விரைவாக வேகம் இழக்கும் தன்மையது. கடைக்கோட்டிலிருந்து எவ்வளவு வலிமையாக அடித்தாலும், அது நம்மை அடைவதற்குள் பெரிதும் தளர்ந்துவிடும். அதற்குள் நாம் நடுவுக்குத் திரும்பவும் அவகாசம் கிடைக்கும். பாதிக் களத்திலேயே விழும் அரைகுறை உயரப் பந்தோ எதிராளிக்கு வைத்த விருந்தாகும். ஆழம் கைவந்தபின், அதே கைவீச்சில் வலையருகே மெல்ல இறக்கும் 'டிராப்' அடியைப் பழகலாம். பின்னும் முன்னும் அலைக்கழிக்கப்படும் எதிராளி தானாகவே பிழை செய்வார்.

இறுதியிடமே ஸ்மாஷுக்கு

பார்வையாளரின் கைதட்டலைப் பெறுவது ஸ்மாஷ். எனவே புதிதாக வருவோர் அனைவரும் முதலில் அதையே நாடுகின்றனர். ஆனால், வலிமையே வெற்றி தராது என்பதற்கு 1980-ஆம் ஆண்டின் ஆல் இங்கிலாந்து இறுதியாட்டம் சான்று. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் பட்டம் வென்ற இந்தோனேசியாவின் லீம் ஸ்வீ கிங், துள்ளி அடிக்கும் ஸ்மாஷுக்குப் பேர்போனவர். அவரை நம் நாட்டின் பிரகாஷ் படுகோனே 15-3, 15-10 என்ற கணக்கில் வென்றார். அவருடைய படைக்கலங்கள் நிதானமும், இடமறிந்து பந்தை வைக்கும் நுட்பமுமே. அவர் இளமையில் பெங்களூரில் பயின்ற இடம் ஒரு திருமண மண்டபம் என்பதையும், உள்ளரங்கு இல்லையே எனக் குறைபடுவோர் எண்ணிப் பார்த்தல் நலம்.

உடலைக் காத்தல்

உடலைச் சூடேற்றாமல் களத்தில் இறங்குவது தசைகளுக்குத் தீங்கு. தடித்த குதியுள்ள ஓட்டக் காலணி, பக்கவாட்டில் திரும்பும்போது கணுக்காலைப் புரட்டிவிடக்கூடும்; தட்டையான ரப்பர் அடியுள்ள காலணியே ஏற்றது. சிமெண்டுத் தரையில் ஓயாமல் குதிப்பதால் முழங்கால் நோகும். முழங்கால் காயத்துக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட புல்லேலா கோபிசந்த், அதன் பின்னரும் முயன்று 2001-இல் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்றார். எனினும் காயம் வருமுன் காப்பதே அறிவுடைமை.

ஒரு மணி நேரத் திட்டம்

உடலைச் சூடேற்ற 10 நிமிடம், கால் பயிற்சிக்கு 15, சர்வீசுக்கு 10, உயர அடிக்கும் டிராப்புக்கும் 15, எஞ்சிய 10 நிமிடம் ஆட்டம். முழு ஆட்டத்தை விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். பயிற்சிக்கு நைலான் பந்து போதும்; இறகுப் பந்தைப் போட்டிக்கெனச் சேமிக்கலாம். திறந்தவெளிக் களமாயின் காற்றடங்கிய காலை வேளை சிறந்தது. இருக்கும் களத்தை மாணவியரும் சம நேரம் பயன்படுத்துமாறு முறை வகுத்தலும் நம் கடமை.

2024-ஆம் ஆண்டு பாரிஸ் பாராலிம்பிக் போட்டியில், மேலுறுப்பில் குறைபாடு உடையோருக்கான பிரிவில், தமிழ்நாட்டின் துளசிமதி முருகேசன் வெள்ளியும் மனிஷா ராமதாஸ் வெண்கலமும் வென்றனர். தளராத பயிற்சி எதனைத் தரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மாணவ நண்பர்களே! ஸ்மாஷ் சில காலம் காத்திருக்கட்டும். நாளை மாலை பந்தை எடுக்குமுன், வெறுங்களத்தில் கால்மணி நேரம் காலடி பழகுங்கள். ஒரு பருவம் முடிவதற்குள் உங்கள் ஆட்டம் உயர்ந்திருப்பதை நீங்களே காண்பீர்கள்.