உயிர்க்குறிகளும் செவிலியர் தேர்ச்சியும்

மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்த வள்ளுவப் பெருந்தகை, நோயுற்றவர், மருத்துவர், மருந்து என்பவற்றோடு அருகிருந்து பேணுபவரையும் ஒரு கூறாக வைத்தார். அப்பேணுபவரே இன்றைய செவிலியர். மருத்துவர் வந்து காணும் நேரம் சிறிது. செவிலியர் உடனிருக்கும் நேரமோ பெரிது. அந்நேரத்தில் அவர் எதனை நோக்குகிறார், நோக்கியதிலிருந்து எதனை உணர்கிறார் என்பதை ஈண்டுக் காண்போம்.

உடல் வெப்பம், நாடித்துடிப்பு, மூச்சு, இரத்த அழுத்தம் ஆகிய நான்கும் உயிர்க்குறிகள் எனப்படும். இரத்தத்தில் உயிர்வளி கலந்துள்ள அளவும் இப்போது இவற்றோடு சேர்த்துக் குறிக்கப்படுகிறது. ஓய்ந்திருக்கும் வளர்ந்தோர்க்கு வெப்பம் 37 பாகை செல்சியசை ஒட்டியும், நாடி நிமிடத்திற்கு 60 முதல் 100 வரையும், மூச்சு 12 முதல் 20 வரையும் இருத்தல் இயல்பு. அழுத்தம் 120/80 என்னும் அளவை ஒட்டி அமைவது நன்று.

அளத்தலிலும் நுட்பம் உண்டு. நாடியைப் பெருவிரலால் பார்ப்பதில்லை. அவ்விரலின் துடிப்பே நோயாளியின் துடிப்போ என மயங்கச் செய்யும். கையைச் சுற்றும் பட்டை சிறியதாயின், அழுத்தம் உள்ளதினும் மிகுதியாகத் தோன்றும். மூச்சை எண்ணப்போவதாக அறிவித்தால், நோயாளி தம்மையறியாமலே மூச்சின் போக்கை மாற்றிவிடுவார். ஆகவே செவிலியர், நாடி பார்ப்பவர்போல் மணிக்கட்டைப் பற்றியவாறே, மார்பின் ஏற்ற இறக்கத்தை ஒரு நிமிடம் முழுதும் எண்ணுவார்.

எனினும், எண்ணை அறிவது வேறு. அதன் பொருளை அறிவது வேறு. சில ஆண்டுகளுக்கு முன் எம் தந்தையார்க்கு வயிற்றில் அறுவை நடந்தது. அன்றிரவு அழுத்தத்தின் மேலெண் 110 எனக் கண்டது. எப்போதும் 150ஐத் தொடும் அழுத்தம் இறங்கிற்றே என யாம் மகிழ்ந்தோம். பணியிலிருந்த செவிலியரோ மகிழவில்லை. குறிப்பேட்டைப் பார்த்தார். மாலையில் 84ஆக இருந்த நாடி 116ஆகவும், 16ஆக இருந்த மூச்சு 26ஆகவும் உயர்ந்திருந்தன. நெற்றியைத் தொட்டார், குளிர்ந்து வியர்த்திருந்தது. உடனே மருத்துவரை அழைத்தார். வயிற்றினுள் குருதி கசிந்துகொண்டிருந்தது. மீண்டும் அறுவை செய்யப்பட்டுத் தந்தையார் உயிர் பிழைத்தார்.

குருதி குறையுங்கால், இதயம் விரைந்து துடித்தும் குருதிக்குழாய்கள் சுருங்கியும் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கின்றன. ஆதலின் நாடியும் மூச்சும் முந்தி மாற, அழுத்தம் பிந்தி வீழ்வதுண்டு. 150 உடையார்க்கு 110 என்பது நலமன்று, வீழ்ச்சியே. மறுதலையாக, பயிற்சிமிக்க விளையாட்டு வீரர்க்கு ஓய்வில் நாடி 50ஆக இருத்தல் நோயன்று. இதயத்துடிப்பைத் தணிக்கும் மாத்திரை உண்போர்க்கோ, ஆபத்து நேர்ந்தபோதும் நாடி விரையாதிருக்கலாம்.

இவ்வறிவை முறைப்படுத்தும் வகையில், 2012இல் பிரிட்டனில் தேசிய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறை வெளியிடப்பட்டது. இயல்பினின்று விலகும் ஒவ்வொரு குறிக்கும் அதில் மதிப்பெண் உண்டு. மூச்சு 25ஐ எட்டினால் அஃதொன்றற்கே 3 மதிப்பெண். கூட்டுத்தொகை 7ஐ எட்டினால் அவசர மருத்துவ உதவி வேண்டும் என்பது விதி.

செவிலியர் பணியை வெறும் ஏவற்பணி எனக் கருதி, அதனை விழையும் பெண்மக்களைத் தடுக்கும் பெற்றோர் இன்றும் உளர். அப்பணி அறிவுப்பணி என்பதை நாம் உணர்தல் வேண்டும். மருத்துவமனையில் உறவினர்க்குத் துணையிருப்போர், அவருடைய வழக்கமான அழுத்தம் எவ்வளவு, உண்ணும் மாத்திரைகள் யாவை என்பவற்றைச் செவிலியரிடம் முன்னரே கூறுதல் நலம். அவர் கையிலுள்ள எண்ணுக்கு அச்சொல்லே பொருள் தரும்.