படுக்கைப் புண்ணும் சான்றுவழி நெறியும்

நெடுநாள் நோயினால் படுக்கையிற் கிடப்பார்க்கு அந்நோயினும் கொடிதாய் வந்து சேர்வது படுக்கைப் புண். பக்கவாதத்தால் ஒருபுறம் செயலற்றவர், பனையினின்றோ தெங்கினின்றோ விழுந்து இடுப்பின் கீழ் உணர்விழந்தவர், முதுமையால் எழமாட்டாதவர் ஆகிய இவர்களை நம் நாஞ்சில் நாட்டு ஊர்களில் யாவரும் கண்டிருப்போம். இன்னாரைப் பேணும் இல்லத்தில் யோசனைகளுக்குக் குறைவில்லை. ஒருவர் மாவு தூவுக என்பர். ஒருவர் ஸ்பிரிட் இட்டுத் தேய்க்க என்பர். மற்றொருவர் காற்றடைத்த வளையம் வாங்குக என்பர். இவற்றுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது? இதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் புண்ணின் காரணத்தை அறிதல் வேண்டும். எலும்பு புடைத்து நிற்கும் இடங்களாகிய பிட்டம், இடுப்பின் பக்கம், குதிகால் முதலியவற்றில் உடலின் பாரம் அழுந்துங்கால் ஆண்டுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் நெருக்குண்டு அடைபடுகின்றன. இரத்தம் பெறாத தசை மடிகின்றது. நலமுடையார் உறக்கத்திலும் தம்மையறியாது புரண்டு இத்தீங்கினின்று தப்புகின்றனர்; உணர்விழந்தார்க்கு அஃது இயலாது. மிக்க பாரம் சிறிது நேரம் அழுத்தினும், சிறு பாரம் நெடுநேரம் அழுத்தினும் விளைவு ஒன்றே என்பதனைக் கோசியாக் என்னும் மருத்துவர் 1959-ஆம் ஆண்டில் சோதனையாற் காட்டினார்.

இவ்வுண்மை எளிதில் நிலைபெறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டுப் பேரறிஞர் சார்க்கோ, நரம்பு கெட்டமையே புண்ணுக்குக் காரணம் என்றார். நரம்பே காரணமெனின், தாதியர் செய்யத்தக்கது யாது? பெரியார் ஒருவர் சொல் இங்ஙனம் பலர் கையைக் கட்டிவிடுதலும் உண்டு. பின்னர் இங்கிலாந்தில் டோரீன் நார்ட்டன் என்னும் தாதியும் அவர்தம் துணைவரும் முதியோரை முறையாக ஆராய்ந்து 1962-இல் வெளியிட்ட நூல், தோலின்மேற் பூசுவனவற்றால் பயனில்லை, அழுத்தத்தை நீக்கிப் புரட்டிவிடுதலே பயன் தருவது என விளக்கிற்று.

நம் தமிழ்நாட்டிலும் இதற்கு நேரொத்த சான்று உண்டு. 1946-இல் வேலூருக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் பாதப் புண்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். நோயே சதையை அழுகச் செய்கின்றது என்பது அந்நாளைய நம்பிக்கை. அவரோ, வலியுணர்வு அற்றமையால் ஒரேயிடத்தில் மீண்டும் மீண்டும் படும் அழுத்தமே காரணம் எனத் தெளிந்தார். மெத்தென்ற ரப்பர்ச் செருப்பு ஆயிரவரின் பாதங்களைக் காக்கும் கருவியாயிற்று. காரணம் மாறவே கடமையும் மாறிற்று.

இத்தகைய ஆராய்ச்சிகள் பல மொழிகளில், பல நாடுகளில் சிதறிக் கிடப்பன. அவற்றைத் திரட்டி நெறிமுறையாக்கும் வேலை பின்வருமாறு நிகழ்கின்றது. முதலில் வினா வகுக்கப்படும். அவ்வினாவைப்பற்றிய ஆராய்ச்சிகள் அனைத்தும் தேடப்படும். தமக்கு இசைந்தவற்றை மட்டும் பொறுக்குதல் ஆகாது. பின்பு ஒவ்வொன்றின் வலிமையும் நிறுக்கப்படும். இறுதியில் விதியோடு, அவ்விதி எத்துணை உறுதியான சான்றின்மேல் நிற்கின்றது என்பதும் எழுதப்படும். அமெரிக்க அரசு நிறுவனமொன்று 1992-இல் தடுப்பு நெறியொன்றை வெளியிட்டது. ஐரோப்பிய, அமெரிக்க ஆலோசனைக் குழுவினர் கூடி 2009-இல் ஆக்கிய நெறிமுறை, பசிபிக் நாட்டாரும் சேர 2014-லும் 2019-லும் புதுக்கப்பட்டது. புதுக்கப்படுதல் குறையன்று, அதுவே அதன் பெருமை.

அந்நெறிகளின் சாரம் வீட்டார்க்கும் எட்டத்தக்கதே. நாடோறும் தோலை முழுதும் பார்த்தல் வேண்டும். விரலால் அழுத்தியும் வெளிறாத சிவப்பே புண்ணின் முதற்படி. எனினும் நம்மனோரின் கருநிறத் தோலில் சிவப்புப் புலப்படாது போதலும் கூடும். ஆதலின் அவ்விடத்துச் சூடு, கடினம், வீக்கம், வலி ஆகியவற்றைத் தொட்டறிதல் வேண்டும். சிவந்த இடத்தைத் தேய்த்தல் தீது. வளையத் தலையணை தன் விளிம்பால் அழுத்துமாதலின் அதுவும் ஆகாது. நோயாளியை இழுத்து நகர்த்தாது, விரிப்போடு இருவர் தூக்கி நகர்த்துக. கெண்டைக்காலின்கீழ்த் தலையணை வைத்துக் குதிகாலைத் தொங்கவிடுக. சிறுநீர் மலங்களின் ஈரம் தங்கவிடற்க. முட்டை, மீன், பயறு முதலிய புரத உணவு குறையாதிருத்தல் நன்று.

புண் தோன்றிவிடின், காயவிட்டால் ஆறும் என்பது பழைய எண்ணம். மிதமான ஈரத்தோடு மூடிய புண்ணில் புதுத்தோல் விரைந்து வளர்தலை ஜார்ஜ் வின்டர் 1962-இல் காட்டினார். கருகிய சதை, நாற்றம், காய்ச்சல், எலும்பு தெரியும் ஆழம் இவற்றுள் ஒன்று காணினும் தாமதியாது மருத்துவமனையை நாடுக.

இனி இரண்டு மணிக்கொருமுறை புரட்டுதல் என்னும் பெயர்பெற்ற விதியை நோக்குவோம். 2013-இல் நான்சி பெர்க்ஸ்ட்ராமும் பிறரும் வெளியிட்ட ஆராய்ச்சியில், அடர்ந்த நுரைமெத்தையிற் கிடந்த முதியோர்க்கு இரண்டு, மூன்று, நான்கு மணிகளுக்கொருமுறை புரட்டுதலிடையே புண் உண்டாவதில் வேற்றுமை காணப்படவில்லை. பாயிலும் கயிற்றுக் கட்டிலிலும் கிடப்பார்க்கு இதனை அவ்வாறே பொருத்துதல் ஆகாது. ஆயினும் இதன் பொருள் சிறிதன்று. இராமுழுதும் கண்விழித்துத் தாயைப் புரட்டும் மகள், நல்ல மெத்தையொன்று வாய்த்து மருத்துவரும் இசைந்தால், நான்கு மணி நேரம் உறங்கலாம். பேணுவாரின் உடல் முறிந்தபின் பேணப்படுவாருக்கு யார் துணை? சான்றைத் தேடுதல் ஏட்டறிவன்று, இரக்கத்தின் ஒரு வடிவமே என யாம் கூறுவது இதனாற்றான்.

1838-இல் நெய்யூரில் மிஷன் வைத்தியப் பணி தொடங்கியது முதல் இம்மாவட்டம் மருத்துவமனைகளாற் சிறந்துள்ளது. 2021-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் படுக்கையிற் கிடப்பாரின் இல்லத்தையும் நாடுவது. எனினும் நள்ளிரவில் நோயாளியின் அருகிருப்பார் வீட்டாரே. அவர் கைக்கு எளிய தமிழில் அந்நெறியைச் சேர்ப்பித்தல், கற்றோராகிய நம் கடன்.