பழைய சொகுசு டீசல் கார் வாங்கும் முன்

புதிதாக 60 லட்சத்துக்கு விற்ற எஸ்யூவி, பத்தாண்டு கழித்து 12 லட்சத்துக்குக் கிடைத்தால் ஆசை வரும். ஆனால் வண்டியின் விலைதான் இறங்கும். உதிரி பாகத்தின் விலை இறங்காது.

ஏர் சஸ்பென்ஷன் பையில் சிறு கசிவு இருந்தாலும், அதை ஈடுகட்ட ஓயாமல் ஓடிக் கம்ப்ரஸரும் எரிந்துபோகும். ஊருக்குள் மட்டுமே ஓட்டினால், கரியை எரிக்கத் தேவையான சுமார் 600 டிகிரி சூடு வராமல், புகையை வடிகட்டும் டிபிஎஃப் அடைத்துக்கொள்ளும். இவற்றில் ஒன்றை மாற்றவே செலவு லட்சத்தைத் தொடலாம்.

ஆகவே, இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் போய்ப் பாருங்கள். ஒரு மூலை தாழ்ந்திருக்கிறதா? ஸ்டார்ட் செய்ததும் டைமிங் செயின் சத்தம் கேட்கிறதா? உங்கள் மெக்கானிக் ஸ்கேன் செய்து பார்க்கும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். முதல் ரிப்பேருக்கான பணத்தைத் தனியே எடுத்துவைக்க முடியாதவர், நகையை விற்று இந்த வண்டியை வாங்க வேண்டாம்.