பைண்டிங் மெஷினுக்கும் கையடக்கக் கருவி: வியாபாரிகள் அறிய வேண்டியவை

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் என்றால், அதற்கு முன்பே நம் கடைகளில் நோட்டுப் புத்தகக் கட்டுகள் வந்து இறங்கிவிடும். ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். தீபாவளிக்கு முன்னதாகவே கடைப் பெயர் போட்ட தினசரி காலண்டருக்கு ஆர்டர் கொடுத்துவிடுவோம். பில் புக், பேரேடு, மசாலாப் பொட்டலத்துக்கு லேபிள் என்று அச்சகத்தாரோடு நமக்கு ஆண்டு முழுவதும் கொடுக்கல் வாங்கல் உண்டு.

ஆனால் அச்சடித்த தாள் எப்படிப் புத்தகமாகிறது என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. சரக்கு தாமதமாவதும், தாள் குறைவதும், ஓரம் கோணலாக வருவதும் பல நேரங்களில் அச்சடித்த பிறகு நடக்கும் வேலையில்தான். அந்த வேலைக்கான மெஷின்களில் இப்போது ஒரு மாறுதல் வந்துள்ளது. மெஷினோடு ஒட்டியிருந்த சுவிட்ச் பலகை, தொழிலாளியின் கையில் எடுத்துச் செல்லும் கருவியாக மாறி வருகிறது. இது நம் சரக்கின் விலையையும் தவணையையும் எப்படித் தொடுகிறது, தொழிலாளியின் விரல்களை எப்படித் தொடுகிறது என்பதை உறுப்பினர்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

லேபிளில் பிறந்த தொழில்

1922ஆம் ஆண்டு சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பினார்கள். 1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. பெட்டியின் மேல் ஒட்ட லேபிள் வேண்டுமே! பிறகு பட்டாசுக்கும் லேபிள் வேண்டியிருந்தது. அந்தத் தேவையை ஒட்டி அச்சுத் தொழில் வளர்ந்தது. மழை குறைந்த கரிசல் பூமியின் காய்ந்த காற்று, தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் உதவியது போலவே, அச்சடித்த தாள் காய்வதற்கும் உதவியது. லேபிள் அடித்த ஊர் பின்னர் காலண்டரும் டைரியும் நோட்டுப் புத்தகமும் அடித்து இந்தியா முழுவதும் அனுப்பத் தொடங்கியது.

லேபிளை அச்சடித்து வெட்டிக் கொடுத்தால் வேலை முடிந்தது. நோட்டுப் புத்தகம் அப்படியல்ல. தாளை மடிக்க வேண்டும், வரிசையாகச் சேர்க்க வேண்டும், அட்டை வைத்துக் கம்பியால் பின் அடிக்க வேண்டும் அல்லது சூடான பசையில் ஒட்ட வேண்டும், பின்பு மூன்று ஓரமும் வெட்ட வேண்டும். கெட்டி அட்டைப் பேரேடு என்றால் நூல் தையலும் உண்டு. இத்தனையும் சேர்ந்ததுதான் பைண்டிங் வேலை.

நடையிலே போகும் நேரம்

பைண்டிங் மெஷின்கள் நீளமானவை. தாள் சேர்க்கும் பெட்டிகள் ஒரு கோடியிலும், வெட்டும் கத்தி மறு கோடியிலும் இருக்கும். நடுவில் ஒரு பெட்டியில் தாள் சிக்கிக்கொண்டால், தொழிலாளி சுவிட்ச் பலகைக்கு நடந்து மெஷினை நிறுத்துவார். திரும்பி வந்து தாளை எடுப்பார். மறுபடியும் பலகைக்குப் போய் மெஷினைச் சற்றே உருட்டிப் பார்ப்பார். ‘இன்னும் கொஞ்சம்’ என்று ஒருவர் கத்த, சத்தத்தில் காது கேட்காத இன்னொருவர் பட்டனை அழுத்துவதும் உண்டு. விபத்துக்கு இடம் தருவது இந்த இரண்டாவது முறைதான். கை ஒருவருடையது, சுவிட்ச் வேறொருவருடையது.

கையடக்கக் கருவியின் அடிப்படை இதுவே: தாள் சிக்கிய இடத்தில் நிற்பவர் கையிலேயே மெஷினின் கட்டுப்பாடும் இருக்கட்டும்.

இந்தக் கருவிகள் இரண்டு வகை. முதல் வகை, செல்போன் அல்லது டேப்லெட் போன்ற கண்ணாடித் திரை. இதில் எத்தனை புத்தகம் ஓடியது, எத்தனை கழிவு, அடுத்த ஆர்டரின் அளவு என்ன என்பதெல்லாம் தெரியும். அளவுகளை மாற்றவும் செய்யலாம். இரண்டாவது வகை, இயந்திரத்தை நகர்த்துவதற்கென்றே பாதுகாப்பு விதிப்படி செய்த கைப்பெட்டி. கம்பியுடனும் வரும், கம்பியில்லாமல் ரேடியோ அலையிலும் வரும். இவ்விரண்டும் வேறு வேறு என்பதை மறக்கக் கூடாது. முதலாவது கணக்குப்பிள்ளை மாதிரி, இரண்டாவது கல்லாப்பெட்டிச் சாவி மாதிரி.

மெஷினுக்கு முன்கூட்டியே தகவல்

திரையில் எண்ணைத் தட்டினால் பழைய மெஷின் தானாக மாறிவிடாது. மெஷினின் பாகங்களை நகர்த்தத் தனித்தனி மோட்டார்கள் இருக்க வேண்டும். அளவுத் தகவல் அச்சகத்திலிருந்து பைண்டிங் மெஷினுக்கு வர ஒரு பொது மொழியும் வேண்டும். இதற்காக 1995இல் ஜெர்மனியில் மெஷின் தயாரிப்பாளர்கள் கூடி ‘சிஐபி3’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அது பின்னர் ‘சிஐபி4’ ஆனது. 2001இல் ‘ஜேடிஎஃப்’ என்ற வேலைக் குறிப்பு முறை வெளியானது. நம் ஆர்டர் சீட்டில் எழுதும் அளவு, பக்கம், அட்டை, பிரதி எண்ணிக்கை ஆகியவற்றை எல்லாக் கம்பெனி மெஷினும் ஒரே மாதிரி படிக்கும்படி எழுதி வைப்பது இது.

2016இல் ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் நடந்த ‘டுரூபா’ அச்சு இயந்திரக் கண்காட்சியில், சுவிட்சர்லாந்தின் முல்லர் மார்ட்டினி கம்பெனி இந்தக் கருத்தையே முன்வைத்தது. ஒரு புத்தகத்துக்கும் அடுத்த புத்தகத்துக்கும் தடிமன் மாறினாலும் மெஷின் தன்னைத்தானே சரி செய்துகொள்ளும் நிலைக்குப் பைண்டிங் தொழில் அங்கே வந்துவிட்டது.

நமக்கு என்ன லாபம்?

ஓர் உதாரணக் கணக்குப் பார்ப்போம். மணிக்கு 1,500 புத்தகம் ஓடும் மெஷின் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு புதிய அளவுக்கும் மெஷினைத் தயார் செய்ய 60 நிமிடம் ஆகிறது.

300 புத்தகம் கேட்டால் ஓட்டம் 12 நிமிடம். தயாரிப்போடு சேர்த்து 72 நிமிடம். 3,000 புத்தகம் கேட்டால் ஓட்டம் 120 நிமிடம். மொத்தம் 180 நிமிடம். இப்போது தயாரிப்பு நேரம் 20 நிமிடமாகக் குறைகிறது என்று கொள்வோம். பெரிய ஆர்டருக்கு 180 நிமிடம் 140 ஆகும். ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே மிச்சம். சிறிய ஆர்டருக்கு 72 நிமிடம் 32 ஆகிவிடும். பாதிக்கு மேல் மிச்சம்.

‘குறைந்தது ஆயிரம் எடுத்தால்தான் கட்டும்’ என்று ஏஜெண்டு சொல்வது இந்தத் தயாரிப்பு நேரத்தை வைத்துத்தான். அது குறைந்தால் முதலில் பயன்பெறுவது பெரிய கம்பெனி அல்ல. 300 காலண்டரும் 50 பில் புக்கும் கேட்கும் சிறு கடைக்காரரே. பேரம் பேசும்போது, ‘மெஷின் தயார் செய்ய எவ்வளவு நேரம் ஆகிறது?’ என்று கேட்கத் தெரிந்தவருக்கு விலையும் கொஞ்சம் இறங்கிவரும்.

தாள் குறையாமல் இருக்க

நல்ல பைண்டிங் மெஷினில் தடிமன் பார்க்கும் சென்சார் உண்டு. ஒரு தாள் குறைந்தாலும், இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு வந்தாலும் அந்தப் புத்தகத்தைத் தனியே தள்ளிவிடும். எத்தனை தள்ளப்பட்டன என்பது கையிலுள்ள திரையில் வரும்.

நம் கடையில் சென்சார் இல்லை. ஆனால் தராசு இருக்கிறதே! 192 பக்க நோட்டு என்றால் 96 ஏடு. 17க்கு 21 சென்டிமீட்டர் அளவு, 57 ஜிஎஸ்எம் தாள் என்றால் அட்டை நீங்கலாகச் சுமார் 195 கிராம் வரும். நடுவில் மடித்துப் பின் அடித்த நோட்டில் ஒரு தாள் விட்டுப்போனால் இரண்டு ஏடு குறையும். எடையில் சுமார் 4 கிராம் குறையும். எலெக்ட்ரானிக் தராசில் இது தெரிந்துவிடும். ஈரப்பதத்தால் எடை சற்று மாறும் என்பதால், ஒரே கட்டில் உள்ள நோட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். எடை இடறும் நோட்டை மட்டும் பிரித்து எண்ணிப் பார்த்தால் போதும்.

கத்திக்கு ரிமோட் கிடையாது

இனிச் சொல்லப்போவது, சொந்தமாகச் சிறு பைண்டிங் பட்டறை வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு மிகவும் முக்கியம்.

கட்டிங் மெஷினில் இரண்டு பட்டன்களையும் இரண்டு கைகளால், ஏறக்குறைய ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் கத்தி இறங்கும். அரை விநாடிக்கு மேல் முன்பின் ஆனால் இறங்கக் கூடாது. ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி அழுத்த வேண்டும். இரண்டு கையும் பட்டனில் இருக்கும்போது கத்தியடியில் கை இருக்க முடியாது. இதோடு கத்திக்கு முன்னால் ஒளித்திரையும் இருக்கும். இடையில் கை நுழைந்தால் மெஷின் நின்றுவிடும். அவசரத்துக்கு ஒரு பட்டனை ரப்பர் பேண்டால் கட்டி வைப்பது, ஒளித்திரையை மறைத்து ஏமாற்றுவது எல்லாம் விரலை விலை பேசுவதற்குச் சமம்.

ஆகவே கத்தியை இறக்கும் கட்டளை செல்போனிலிருந்தோ டேப்லெட்டிலிருந்தோ போகக் கூடாது. அளவு போடலாம், எண்ணிக்கை பார்க்கலாம், அவ்வளவே. யாராவது ஒருவர் பழைய கட்டிங் மெஷினில் ரிமோட் மாட்டித் தருகிறேன் என்று வந்தால், வாசலோடு அனுப்பிவிடுவது நல்லது.

மற்ற மெஷின்களை உருட்டிப் பார்க்கக் கைப்பெட்டி உண்டு. அதற்கும் விதிகள் உள்ளன. நல்ல கைப்பெட்டியின் பட்டனுக்கு மூன்று நிலை. மெதுவாக அழுத்திப் பிடித்தால் மெஷின் மெல்ல நகரும். விட்டுவிட்டால் நிற்கும். இறுக்கிப் பிடித்தாலும் நிற்கும். காரணம், திடுக்கிட்ட மனிதன் இரண்டில் ஒன்றைச் செய்வான்: கையை விடுவான், அல்லது இறுக்கிக்கொள்வான். எது செய்தாலும் மெஷின் நிற்க வேண்டும். கண்ணாடித் திரையில் இந்த வசதி இல்லை. விரலின் பதற்றம் அதற்குத் தெரியாது.

கம்பியில்லாக் கருவி என்றால், கருவிக்கும் மெஷினுக்கும் இடையே இடைவிடாமல் சங்கேதம் போய்வந்துகொண்டிருக்கும். பேட்டரி தீர்ந்தாலும், தொலைவு கூடினாலும், அந்தப் பேச்சு நின்ற உடனே மெஷினும் நிற்க வேண்டும். மின்சாரம் போய்த் திரும்பினால் மெஷின் தானாக ஓடத் தொடங்கக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு கருவிக்கு மட்டுமே அதிகாரம் இருக்க வேண்டும். ஒருவர் கையில் கட்டுப்பாடு இருக்கும்போது பலகையிலிருந்து இன்னொருவர் ஓட்ட முடியக் கூடாது. நிறுத்துவது மட்டும் யாரும் செய்யலாம். மஞ்சள் பின்னணியில் சிவப்புக் குமிழாக மெஷின் மேலேயே இருக்கும் அவசர நிறுத்த பட்டனை, கைக்கருவி வந்துவிட்டது என்று எடுத்துவிடக் கூடாது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் தன் 21ஆம் பிரிவில் ஆபத்தான இயந்திரப் பகுதிகளுக்குத் தடுப்பு வைக்கச் சொன்னது. பயிற்சியும் மேற்பார்வையும் இல்லாமல் இளவயதினரை ஆபத்தான இயந்திரத்தில் நிறுத்தக் கூடாது என்று 23ஆம் பிரிவு சொன்னது. அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய சட்டத் தொகுப்பு வந்தாலும், தடுப்பும் பயிற்சியும் முதலாளியின் பொறுப்பு என்பதில் மாற்றமில்லை.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

1. இந்தக் கருவி மெஷினை ஓட்டுமா, கணக்கு மட்டும் காட்டுமா?
2. தொடர்பு அறுந்தால் மெஷின் நிற்கிறதா? கருவியை அணைத்துக் காட்டச் சொல்லி நேரில் பார்க்க வேண்டும்.
3. குமாஸ்தாவுக்கும் மேஸ்திரிக்கும் தனித்தனி ரகசிய எண் உண்டா? யார் எப்போது அளவை மாற்றினார் என்பது பதிவாகிறதா?
4. கருவி கீழே விழுந்து உடைந்தால் பழைய பலகையிலிருந்தே வேலையைத் தொடர முடியுமா? பழுது பார்க்க ஆள் சிவகாசியிலோ மதுரையிலோ இருக்கிறாரா, சென்னையிலிருந்து வர வேண்டுமா?
5. தமிழில் திரை வருமா? ஆங்கில எச்சரிக்கையைப் படிக்காமல் ‘சரி’ என்று தட்டிவிடும் பழக்கம் ஆபத்தானது.

நம் வட்டாரத்தில் பட்டாசு அறைக்குள் தீப்பெட்டியும் செல்போனும் கொண்டு போகக் கூடாது என்பது சிறுவருக்கும் தெரியும். எந்தக் கருவி எந்த இடத்தில் வரலாம், எங்கே வரக் கூடாது என்று பிரித்துப் பார்க்கும் அறிவு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. அதே பிரிவினையைப் பைண்டிங் பட்டறையிலும் கடைப்பிடிப்போம். கணக்கும் அளவும் கைக்கு வரட்டும். கத்தி மட்டும் இரண்டு பட்டன்களுக்கே கட்டுப்பட்டு இருக்கட்டும். அடுத்த முறை அச்சகத்துக்கு ஆர்டர் கொடுக்கப் போகும் உறுப்பினர்கள், விலையைக் கேட்ட பின் பைண்டிங் பகுதிக்குள்ளும் ஒருமுறை நடந்து பார்க்கட்டும். பட்டனைக் கட்டி வைத்து வேலை வாங்கும் இடத்தில் கிடைக்கும் மலிவு, நமக்கு வேண்டாத மலிவு.