கழுத்துக் கட்டிக்குப் பெயர் சொல்லும் நிறங்கள்

சகோதரிகளே! நம் கழுத்தை முக்காடு மறைத்திருப்பதால், அதில் ஒரு கட்டி வந்தாலும் மற்றவர் கண்ணில் படாது. எனவே தலைவாரும்போது நீங்களே கண்ணாடியில் கவனியுங்கள். எச்சில் விழுங்கும்போது குரல்வளைக்குக் கீழே ஏதேனும் மேலும் கீழும் அசைகிறதா? அது தைரொயிட் கட்டியாக இருக்கலாம்.

நுவரெலியா, ஹட்டன் உட்பட மழை மிகுந்த நம் பிரதேசங்களுக்குக் கழுத்துக் கழலை புதிதல்ல. உப்பில் அயடீன் சேர்ப்பது 1995இல் சட்டமாக்கப்பட்டது. இக்கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆயினும் இலங்கைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுக்கு அடுத்தது தைரொயிட் புற்றே.

முதலில் மெல்லிய ஊசியால் சில கலங்களை எடுத்துச் சோதிப்பார்கள். பலருக்கு இதிலேயே விடை கிடைத்துவிடும். ஆனால் 'பொலிகுலர்' வகையில் நல்ல கட்டியும் புற்றும் ஊசிச் சோதனையில் ஒன்றுபோலவே தெரியும். புற்றானால் கட்டியின் உறையையோ இரத்தக் குழாயையோ துளைத்திருக்கும். கட்டியை வெட்டியெடுத்த பின்பே அதைக் காணலாம்.

எடுத்த கட்டியை மெழுகில் பதித்து, மிக மெல்லிய சீவல்களாக்கி, சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். அப்போதும் ஐயம் தீராவிட்டால் விசேட நிறச் சோதனை செய்வார்கள். ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடிப் பற்றும் பிறபொருளெதிரியைச் சீவல்மீது இடுவார்கள். அப்புரதம் இருக்கும் இடம் பழுப்பு நிறமாகும்.

கலெக்டின்-3, எச்.பி.எம்.ஈ-1, சைட்டோகெரட்டின்-19 ஆகிய மூன்றும் 'பெப்பிலரி' புற்றில் பெரும்பாலும் நிறமேறும். நல்ல கட்டியிலும் இவற்றில் ஒன்று சிலவேளை நிறமேறுவதுண்டு. அதனால் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பார்த்து, கலங்களின் தோற்றத்தோடு ஒப்பிட்டே வைத்தியர் முடிவு சொல்வார்.

கல்சிடோனின் நிறமேறினால் அது 'மெடுலரி' வகையாக இருக்கலாம். மற்ற இரு வகைகளுக்கும் கொடுக்கும் கதிரியக்க அயடீன் இதற்குப் பயன்படாது. ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு இது பரம்பரையாக வருவது. ஆகவே தாய்க்கு இப்பெயர் வந்தால் பிள்ளைகளையும் சோதிக்க வேண்டியிருக்கும்.

பெயர் மாறினால் சிகிச்சையும் மாறும். உறைக்குள்ளேயே அடங்கியிருக்கும் ஒருவகைக் கட்டியின் பெயரிலிருந்து 'புற்று' என்ற சொல்லையே 2016இல் சர்வதேச நிபுணர்கள் நீக்கினார்கள். அத்தகையோருக்கு மறு சத்திரசிகிச்சையும் கதிரியக்க அயடீனும் பொதுவாகத் தேவையில்லை.

ஆகவே, "கட்டியை எடுத்தாயிற்று, நோவும் இல்லை" என்று இருந்துவிடாதீர்கள். அறிக்கை தாமதமானாலும் கிளினிக்குக்குப் போய்க் கேளுங்கள். அதன் பிரதியை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். கண்டிக்கோ மகரகமைக்கோ அனுப்பினால், முன்னைய சிலைட்டுகளும் மெழுகுத் துண்டும் தேவையா என விசாரியுங்கள்.

தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அயல்வீட்டுச் சகோதரிக்கும் இதைச் சொல்லுங்கள். ஒருநாள் பேர் போய்விடுமே என்று அவர் கிளினிக்கைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கலாம். காலத்தோடு கண்டுபிடித்தால் தைரொயிட் புற்றில் பெரும்பாலானவை குணப்படுத்தக் கூடியவையே.