நிலவில் நிலம் வாங்கலாமா?



ரப்பர்த் தோட்டத்தில் பால் எடுப்பவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். வாளியின் எடையை மட்டும் பார்த்தால் போதாது. அந்தப் பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்றும் சோதித்துப் பார்க்க வேண்டும். இன்று கைப்பேசியிலும் கணினியிலும் நமக்கு வந்து சேரும் செய்திகளும் அப்படித்தான். அவை வாளி வாளியாக வருகின்றன. அவற்றைச் சோதிப்பவர் யார்? விண்வெளிச் சட்டத்தை எடுத்துக்காட்டாக வைத்து இதனை இன்று காண்போம்.

விண்வெளிக்கும் சட்டம் உண்டா என்று சிலர் வியக்கலாம். உண்டு. 1957-ஆம் ஆண்டில் சோவியத் ஒன்றியம் முதல் செயற்கைத் துணைக்கோளை ஏவியது. அதன்பின், விண்வெளி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி பெரிதாக எழுந்தது. உலக நாடுகள் ஐக்கிய நாடுகள் சபையில் கூடிப் பேசி ஓர் உடன்படிக்கை செய்தன. அது 1967-ஆம் ஆண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நிலவையோ பிற கோள்களையோ எந்த நாடும் தனக்குச் சொந்தமாக்கிக் கொள்ள முடியாது என்று அதன் 2-ஆம் பிரிவு கூறுகிறது.

ஆனால், 1980-ஆம் ஆண்டில் அமெரிக்கர் ஒருவர் நிலவு தமக்கே சொந்தம் என்று அறிவித்து, அதைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கினார். “எந்த நாடும் சொந்தமாக்கக் கூடாது என்றுதானே எழுதியிருக்கிறது? தனி மனிதர் கூடாது என்று எழுதவில்லையே!” என்பதுதான் அவருடைய வாதம். பலர் பணம் கொடுத்து அழகான சான்றிதழ்களை வாங்கினார்கள். பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தவர்களும் உண்டு.

இந்த வாதம் முதற்பார்வைக்குச் சரியாகவே தோன்றும். 2-ஆம் பிரிவை மட்டும் படித்தவர் ஏமாந்து போவார். சட்டம் கற்றவரோ 6-ஆம் பிரிவையும் சேர்த்துப் படிப்பார். தன் குடிமக்களும் நிறுவனங்களும் விண்வெளியில் செய்யும் செயல்களுக்கு அந்தந்த நாடே பொறுப்பு என்றும், நாடு அனுமதி அளித்துத் தொடர்ந்து மேற்பார்வை செய்ய வேண்டும் என்றும் அங்கே எழுதியிருக்கிறது. மேலும், நிலப்பட்டா என்றால் அதைக் கொடுக்க ஓர் அரசு வேண்டும். நிலவின்மீது எந்த அரசுக்கும் உரிமை இல்லாதபோது பட்டா எங்கிருந்து வரும்? விண்வெளிச் சட்ட அறிஞர்களின் அமைப்பான சர்வதேச விண்வெளிச் சட்டக் கழகம் 2004-ஆம் ஆண்டில் இதைத் தெளிவுபடுத்தியது. இத்தகைய பத்திரங்களுக்குச் சட்டப்படி எந்த மதிப்பும் கிடையாது என்று அது அறிவித்தது.

ஒரு பிரிவை மற்றொரு பிரிவோடு சேர்த்துப் படித்துப் பொருள் சொல்வதற்குப் பயிற்சி வேண்டும். இணையத்தில் வரும் கலைக்களஞ்சியங்களுக்கு அறிஞர் மேற்பார்வை தேவைப்படுவது இதனால்தான். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய அனைத்துலகச் சட்டக் கலைக்களஞ்சியம் 2008-ஆம் ஆண்டு முதல் இணையத்தில் கிடைக்கிறது. விண்வெளியைப் பற்றிய கட்டுரைகளும் அதில் உள்ளன. ஒவ்வொரு கட்டுரையையும் எழுதியவரின் பெயர் காணப்படும். வேறு அறிஞர்கள் அதைப் படித்துச் சரிபார்த்திருப்பார்கள். எந்தத் தேதி வரையிலான செய்தி என்பதும் குறிக்கப்பட்டிருக்கும்.

அப்படியானால் எல்லா நூல்களையும் அறிஞர்களே எழுதிவிடலாமே என்று கேட்கலாம். அதிலும் ஓர் இடர் உண்டு. 2000-ஆம் ஆண்டில் நூப்பீடியா என்ற கலைக்களஞ்சியம் தொடங்கப்பட்டது. அதில் ஒரு கட்டுரை வெளிவர ஏழு கட்டச் சோதனையைக் கடக்க வேண்டும். மூன்று ஆண்டுகளில் முப்பது கட்டுரைகள்கூடத் தேறவில்லை. அதே குழுவினர், யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்று 2001-ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கியதுதான் விக்கிப்பீடியா. அது மளமளவென்று வளர்ந்தது. ஒன்றில் வேகம் குறைவு. மற்றொன்றில் காவல் குறைவு.

அறிஞர் எழுதியதும் பழையதாகிப் போகலாம். நிலவைப் பற்றி 1979-ஆம் ஆண்டில் உருவான தனி உடன்படிக்கையில் 18 நாடுகள் இருந்தன. 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் சவூதி அரேபியா விலகியதால் அவை 17 ஆயின. அதற்குமுன் எழுதிய கட்டுரையைத் திருத்தாமல் விட்டால், எத்தனை பெரிய அறிஞர் எழுதியிருந்தாலும் கணக்குத் தவறிவிடும்.

அறிஞர்களே ஒத்துப்போகாத செய்திகளும் இருக்கின்றன. நிலவின் நிலம் யாருக்கும் சொந்தமில்லை, சரி. ஆனால் அங்கிருந்து தோண்டி எடுத்த கனிமம் யாருக்குச் சொந்தம்? எடுத்த அமெரிக்கருக்கே சொந்தம் என்று அமெரிக்கா 2015-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது. இது 1967-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பொருந்தும் என்பார் சிலர். பொருந்தாது என்பார் சிலர். நல்ல கலைக்களஞ்சியம் இரு தரப்பையும் எடுத்துக் கூறும். ஒரு பக்கத்தை மறைக்காது.

ஆகவே, நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிப் பாடத்திற்காகக் கைப்பேசியில் தேடும்போது மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குவோம். இதை எழுதியவர் யார்? சரிபார்த்தவர் யார்? எழுதிய தேதி என்ன? முடிந்தால் நான்காவதாக, மூலத்தையும் பார்க்கச் சொல்லுவோம். விண்வெளி உடன்படிக்கையின் முழு வாசகத்தையும் வியன்னாவிலுள்ள ஐக்கிய நாடுகள் சபையின் விண்வெளி அலுவலகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. அது நீண்ட நூலன்று, 17 பிரிவுகள்தாம். ஆங்கிலம் படிக்கும் பிள்ளை அந்த 2-ஆம் பிரிவையும் 6-ஆம் பிரிவையும் வீட்டில் எல்லோருக்கும் படித்துச் சொல்லட்டும். பிறகு நிலவில் மனை விற்க ஒருவர் வந்தால், காசை எடுக்குமுன் என்ன கேட்க வேண்டும் என்பது நமக்கே தெரியும்.