ஆல்டர்னேட்டர் மாற்றியும் மறுபடி போகிறதா? டீசல் பிக்கப்பில் பார்க்க வேண்டியது இதுதான்!

மாற்றி ரெண்டு மாசம்கூட ஆகல, மறுபடியும் டேஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு! ‘டூப்ளிகேட் பார்ட்ஸ்’ என்று சண்டைக்குப் போகும் முன், இன்ஜினை அணைத்து, ஆறியபின் ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். ஆயில் பிசுபிசுக்கிறதா?

டீசல் இன்ஜினில் பிரேக் பூஸ்டருக்கான வெற்றிடம் தானாகக் கிடைக்காது. அதற்கான வேக்யூம் பம்ப், பல பிக்கப்களில் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே இருக்கும். அதற்குப் போகும் இன்ஜின் ஆயில், சீல் தேய்ந்தால் உள்ளே கசிந்து கார்பன் பிரஷ்ஷைக் கெடுத்துவிடும். ஆயில் திரும்பும் ஹோஸ் அடைத்திருந்தால், புதுசு மாட்டினாலும் அதே கதைதான்.

கசிவு இல்லையென்றால், இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் மல்டிமீட்டர் வையுங்கள். பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் காட்டணும். இன்ஜின் பாடிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கலாம், லூஸாக இருக்கலாம்.

வண்டி ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய வித்தை மட்டும் வேண்டாம். அந்த நொடியில் எகிறும் வோல்டேஜே டயோடைக் காலி பண்ணிடும்.